சைக்கிளை நிறுத்திக் கேட்ட கோடை

சைக்கிளில் போகிறவரை மடக்கி "எங்கேயிருந்து வர்றீங்க, எங்கே போறீங்க?" என்று கேட்பது எங்கள் தொழில், நிற்காதவர் பின்னால் ஓடுவது உபதொழில். ரோட்டோரம் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

விஷயம் இதுதான். பூனாவிலிருந்து பிம்ப்ரி தொழிற்சாலைகளுக்குப் போகும் ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள். அகலமாகிற இடமெல்லாம் லாரிக்கும் காருக்குமா, சைக்கிளுக்கும் தனிப் பாதை உண்டா? ஆராய்ந்து சொல்ல குல்கர்ணி மேடம். ரோடு போட ஜோஷி சாகேப். இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ரோட்டில் நின்று கேள்வி கேட்க, பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் வம்பு பண்ணிக்கொண்டிருந்த நானும், என் பெரியப்பா மகன் எட்வினும்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு எங்களில் ஒருவரைத்தான் மேடம் கூட்டிப்போவார். அப்படிப் போகிற ஆளுக்கே அடுத்த ஆராய்ச்சியிலும் வேலை. எட்வின் என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். 'அண்ணே' என்று கூப்பிடச் சொல்லி அம்மா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டாள். பாதிரியார், பால்காரர், பிரஷர் குக்கர் எல்லாரும் குரலாக என் தொண்டையில் இருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது.

(மேடமும் சாகேபும் மராத்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன். குரலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

போலீஸ் மரம்

முதல் நாள் எட்வின் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, "எக்ஸ்க்யூஸ் மீ, காகா..." என்று சித்தப்பா முறை வைத்துக் கை நீட்டினான். சைக்கிள்கள் அவனை விளம்பரப் பலகையைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போயின. அபூர்வமாக ஒருவர் நின்றால், அவரிடம் சாவகாசமாகக் குடும்பக் கதை கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய், டிராஃபிக் போலீஸ்காரரின் பான் குதப்பிய குரலில் ஒன்று விட்டேன்: "ஏ சைக்கிள்வாலா! தாம்ப்!" ரோடே நின்றது. லைட் இல்லாதவர், பின்னால் தம்பியை ஏற்றிக்கொண்டு வந்தவர், எல்லாரும் குதித்திறங்கினார்கள். நான் நல்ல பிள்ளையாக வெளியே வந்து, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். "இதோ, பக்கத்திலேர்ந்துதான் தாயி." "ஓட்டலையே, உருட்டிக்கிட்டுத்தான் வர்றேன்." சாயந்தரம் என் கையில் ஒரு கத்தை. எட்வினிடம் நாலைந்து தாள். அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது; ரொம்ப சந்தோஷமாகப் பாவப்பட்டேன்.

மேடம் என் கத்தையைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், எட்வின் தாள்களை மட்டும் பைக்குள் வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "உன் கணக்குப்படி பிம்ப்ரி தொழிலாளிங்க எல்லாரும் தொழிற்சாலை வாசல்லயே படுத்துத் தூங்குறாங்க. சைக்கிளைத் துணைக்கு உருட்டிக்கிட்டு வர்றாங்க, அவ்வளவுதான்."

கேட் போட்டாச்சு

மறுநாள் வடாபாவ் வாங்கப் போன எட்வின், ரயில்வே கேட் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டான். "ஏட்டி ஜெசி, இவங்க தானாவே நின்னுக்கிட்டுல்லா இருக்காங்க. இங்கனயே கேப்போமா?" கேட் மூடினால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சைக்கிள் மணி ஓசை. நாங்கள் யாரையும் நிறுத்த வேண்டாம், ரயில் பார்த்துக்கொள்ளும். இது எனக்குத் தோன்றவில்லையே என்ற ஆத்திரத்தில் அன்று அவன் வடாபாவையும் நானே தின்றேன். மேடத்திடம் அவன் சொன்னதும் அவர் அவன் முதுகைத் தட்டினார். தட்டிய சத்தம் எனக்குத்தான் வலித்தது.

கேட்டில் அவன் கேட்பான். நான் பின்னால் நின்று அவன் குரலிலேயே அவனைக் கிண்டலடித்துக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பேன். கெட்டதிலும் ஒரு கெட்டது, சிரித்தவர்கள் அவனுக்கு இன்னும் நன்றாகப் பதில் சொன்னார்கள். விஷ்ராந்த்வாடியிலிருந்து வரும் பால்காரர், கேன் இரண்டும் ஆட, "லாரி ஹாரன் அடிச்சா பால் பாதி ரோட்டுக்குப் போகுது" என்றார். அவருக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஃபிட்டர். சைக்கிளுக்குத் தனியாகப் பாதை வேண்டுமா என்று எட்வின் அவரிடம் கேட்டான். கேட் தூக்குகிற நேரம். பெடலில் காலை வைத்தபடி அவர் சொன்னார்: "எனக்கு வேண்டாம் தம்பி, அந்த லாரிக்காரனுக்கு ஒண்ணு போட்டுக் கொடு. அவன் என் பாதையில வராம இருந்தாப் போதும்."

ஜீப்பும் மொபெட்டும்

பொறாமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஜோஷி சாகேப் ஜீப்பில் வருவார். மேடம் மொபெட்டில், வரைபடத்தைத் துப்பாக்கிபோல் தோளில் மாட்டிக்கொண்டு. ஜீப் போனதும் மேடம் பெருமூச்சு விடுவார்: "அவர் ஒரு கோடு போட்டா ரோடு. நான் எத்தனை கோடு போட்டாலும் தாள்." மொபெட் போனதும் சாகேப் விடுவார்: "இந்தம்மாவுக்கென்ன, கேள்வி கேட்டுட்டுப் போயிடும். ரோட்டுல பள்ளம் விழுந்தா என் வீட்டுக் கதவைத்தானே தட்டுவாங்க." அவர் சொன்னதை இவரிடமும், இவர் சொன்னதை அவரிடமும், அவரவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன். இருவரும் அடுத்தவரை நினைத்துத்தான் சிரித்தார்கள், தன்னை நினைத்து இல்லை.

துணிச்சல் வந்துவிட்டது. ஒருநாள் ஜீப்புக்குப் பின்னால் குனிந்து, மூக்கடைத்த ஜோஷிக் குரலில், "மேடம், சைக்கிள் பாதைக்கு எனக்குச் சம்மதம்!" என்றேன். மேடம் முகம் மலர்ந்து ஓடிவந்தார். டீக்கடையிலிருந்து நிஜ ஜோஷி சாகேப் பிஸ்கட்டோடு எதிரே வந்தார். மேடம் நன்றி சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டவர், குனிந்து ஜீப்புக்கு அடியில் என் செருப்பைப் பார்த்தார். "என் குரல்ல யார் வேணும்னாலும் சம்மதிக்கட்டும் மகளே, கையெழுத்து என் கையிலதான் இருக்கு."

கூட்டம்

மேடம் எட்வினைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆனால் சாகேப் சொல்லியனுப்பினார்: "அந்தக் குரல்காரியையும் கொண்டுவாங்க. வெளியே விட்டா என் பேர்ல யாருக்காவது பாலம் கட்டித் தர்றேன்னு சொல்லிடுவா." அப்படித்தான் உள்ளே போனேன்.

மின்விசிறிக் காற்றில் மேடத்தின் படங்கள் படபடத்தன. கமிட்டி அங்கத்தினர்களுக்குக் கண் சொருகியது. தலைவர் கொட்டாவிக்கு நடுவே, "அது சரி, சைக்கிள்காரங்க என்னதான் சொல்றாங்க?" என்றார். எட்வின் எழுந்தான். வாய் திறந்தது, காற்றுகூட வரவில்லை. ஆஹா, இந்த நாளுக்குத்தானே காத்திருந்தேன்! எழுந்து பால்காரரைக் கொண்டுவந்தேன், கேன் ஆடும் சத்தத்தோடு. சாகேப் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து யார்? எனக்கு ஞாபகம் வரவில்லை. கிண்டலடித்துக்கொண்டிருந்தேனே தவிர, நான் எங்கே கேட்டேன்? அதற்குள் உட்கார்ந்துவிட்ட எட்வின் கீழேயிருந்து என் தாவணியை இழுத்து முணுமுணுத்தான்: "ஃபிட்டர். காக்கிச் சட்டை. லாரிக்காரன்." ஃபிட்டர் வந்தார். அறையே சிரித்தது. அவன் முணுமுணுக்க முணுமுணுக்க, கேட்டில் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராக அந்த மேஜை முன் வந்து பேசிவிட்டுப் போனார்கள்.

சாகேப் மேடத்தின் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். கேட்டிலிருந்து தொழிற்சாலைவரை முதல் துண்டுக்குச் சைக்கிள் பாதை என்று தன் பேனாவால் கோடு போட்டார். "உங்க கோட்டு மேலேயேதான் போட்டிருக்கேன்" என்றார் மேடத்திடம். வெளியே வந்ததும் தலைவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "இவங்ககிட்டயெல்லாம் போய்க் கேட்டது யாரு?" என்றார். மேடம் எட்வினைக் காட்டினார். "அப்போ அடுத்த வேலைக்கும் இந்தப் பையனையே வச்சுக்குங்க. பேசற ஆள் எங்க கட்டிடத்துல நிறைய இருக்காங்கம்மா, கேக்கற ஆளைத்தான் காணோம்."

ஒரு ரோட்டுக்கே குரல் கொடுத்துப் பாதை வாங்கித் தந்த எனக்கு, "நல்லாச் செஞ்சே அண்ணே" என்று சொல்லத்தான் இன்றுவரை எந்தக் குரலும் அகப்படவில்லை.