கர்ணன் தொங்கிய வளையம்

கர்ணன் விழுந்ததில்லை. பண்ணைப்புரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சேதிதான். ஆனாலும் அவரே ஒருமுறை சொல்லிவிடுவார். மார்கழி பிறந்ததும் ஜீப்பேறி, மலைக்கு அந்தப்புறம் வண்டன்மேட்டுப் பக்கம் மிளகு பறிக்கப் போகிறவர்களில், மிளகுக்கொடி படர்ந்திருப்பதிலேயே உயரமான மரம் அவருக்குத்தான். அங்கே ஏணி என்பது ஒற்றை மூங்கில். கணுக்களில் விட்டிருக்கும் கிளைகளைக் குட்டையாக நறுக்கிவிட்டால் அவையே படிகள். அடியை ஈர மண்ணில் ஓங்கிக் குத்தி, தலையை மரத்தோடு கயிற்றால் பிணைத்துவிட்டு, பெருவிரலால் படியைக் கவ்விக்கொண்டு அவர் ஏறும் அழகைப் பார்க்க மற்றவர்கள் பறிப்பதை நிறுத்துவார்கள்.

அவர் மலையில் இருக்கும் மாதங்களில் வீட்டின் உயரத்து வேலைகளெல்லாம் மனைவி ராக்கம்மாளுடையவை. நாற்காலியின்மேல் அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று அவர் பல்பு மாற்றுவதை ஒருநாள் மருமகன் விஜயகுமார் பார்த்துவிட்டார். பெரியகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். வாய் திறந்து அதிகம் பேசாதவர். அடுத்த முறை அவர் வந்தபோது, பேருந்தின் கூரையிலிருந்து ஓர் அலுமினிய மடக்கேணியும் இறங்கியது. நான்கு கால்களையும் விரித்து, நடுவில் மடங்கும் பட்டைகளை அழுத்திப் பூட்டி, ஆட்டிப் பார்த்து, மாமியாரை ஏறச் சொல்லி, தாம் காலடியில் பிடித்துக்கொண்டு நின்றார். ராக்கம்மாள் அந்த முறையைக் கருத்தாகப் பிடித்துக்கொண்டார். கர்ணன் அப்போது மலையில் இருந்தார்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுத் தை மாதத்தில் மகள் முனீஸ்வரிக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை என்று சேதி போனதும் கர்ணன் பாதிப் பறிப்பில் இறங்கி வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவருவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாக வேண்டும். புது அறைக்குக் கான்கிரீட் போட்ட அன்றே, சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, கூரைக் கம்பியோடு சேர்த்து ஓர் இரும்பு வளையத்தைக் கட்டவைத்தவர் கர்ணன். மகளுக்கு மாப்பிள்ளைகூடப் பார்க்காத காலம் அது. அந்த வளையத்தில் தொட்டில் கயிறு மாட்டும் கை தம் கையாக இருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்தே அவர் வளர்த்துவந்த ஆசை.

"செத்தப் பொறுங்க. இப்பத்தான் தரையத் தொடச்சிருக்கேன். ஈரம் காயட்டும், நானே வந்து ஏணிய விரிச்சுத் தாரேன்" என்றார் வெள்ளிக்கிழமை காலையில் அடுப்படியிலிருந்து ராக்கம்மாள்.

"ஏணியப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்குறியாக்கும்?"

"நான் எடுக்கல. மாப்ளதான் சொன்னாக, நாலு காலையும் விரிச்சு..."

"மாப்ள பேனா பிடிக்கிறவுக. நான் மரம் ஏறுறவன். விடுவியா!"

கர்ணன் ஏணியை எடுத்தார். விரிக்கவில்லை. மிளகு மரத்தில் சாத்துவது போலவே, மடங்கியிருந்தபடி சுவரில் சாத்தினார். வழக்கப்படி அடியை ஓங்கி ஒரு குத்தும் குத்தினார். மலை மண்ணாக இருந்தால் அது வாங்கிக்கொண்டிருக்கும். இது புதிதாகப் பதித்த டைல்ஸ். டங்கென்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்தது. தலையைப் பிணைக்க அங்கே மரமும் இல்லை. தொட்டில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறினார். உச்சிப்படியில் நின்று வளையத்தை எட்டிப் பிடித்தார். அந்த நொடியில் ஏணியின் அடி ஈரத்தரையில் வழுக்கிக்கொண்டு போய், முழு ஏணியும் தடாலென்று சாய்ந்தது.

கர்ணன் சாயவில்லை. வளையத்தில் தொங்கினார்.

காலுக்கும் தரைக்கும் இடையே அரை ஆள் உயரம்கூட இல்லை, குதித்துவிடலாம். ஆனால் கீழே ஈரம். ஈரத்தின்மேல் குறுக்கே ஏணி. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. கையை விட்டால், அதற்கு விழுந்தது என்றுதான் பெயர். இத்தனை ஆண்டுகள் மலையில் காத்த பெயரைச் சொந்த வீட்டுக்குள், அதுவும் பேத்தி வரும் நாளில், தொலைப்பதா? அவர் இரண்டு கைகளாலும் வளையத்தை இறுக்கிக்கொண்டார்.

கரண்டியோடு ஓடிவந்த ராக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அடிபடவில்லை என்று தெரிந்ததும் கரண்டியை நிதானமாக ஓரத்தில் வைத்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளும் வந்து நின்றாள்.

"என்ன மதினி, அண்ணன் வவ்வாலா மாறிட்டாக?"

"நீயே கேளு, பஞ்சம்மா."

"ரெண்டு பேரும் பொறவு பேசுங்கத்தா! ஏணிய வையி!" என்றார் மேலேயிருந்து கர்ணன்.

"விரிச்சு வைக்கவா, மடக்கி வைக்கவா?"

"விரிச்சு!"

"இனிமே விரிக்காம ஏற மாட்டேன்னு சொல்லுங்க."

"மாட்டேன்."

"ஈரத் தரையில வைக்க மாட்டேன்."

"மாட்டேன். கை கடுக்குது, ராக்கு!"

"மதினி, உச்சிப்படியில நிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு ஏதோ சொன்னியே, அதயும் சேத்துக்க" என்று பஞ்சம்மாள் எடுத்துக்கொடுத்தாள்.

"அதுக்கும் மாட்டேன்! நீ நல்லா இருப்ப!"

ராக்கம்மாள் முந்தானையாலேயே தரையை ஒற்றியெடுத்தார். ஏணியை விரித்து, பட்டைகளை அழுத்தி, டக்கென்று பூட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்ட பிறகே கணவரின் காலடிக்குத் தள்ளினார். உச்சிக்குக் கீழே இரண்டாம் படியில் அவருடைய பாதங்களைத் தாமே எடுத்து வைத்தார். ஒருபுறம் ராக்கம்மாளும் மறுபுறம் பஞ்சம்மாளும் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

உள்ளே நுழைந்த முனீஸ்வரி, கையில் குழந்தையோடு அண்ணாந்தாள். "என்னப்பா, மொகமெல்லாம் இப்பிடி வேர்த்திருக்கு?"

"வளையத்தச் சோதிச்சேன் தாயி. என்னையவே தாங்குது. ஒம்மக எம்மாத்திரம்!"

கயிறு மாட்டியது அவர் கைதான். மாட்டியவர், ஏணியைப் பார்த்தபடியே, ஒரு படியும் தாண்டாமல், மணப்பெண் மாதிரி இறங்கினார். ராக்கம்மாளின் பழைய நூல்சேலை தொட்டிலாயிற்று. பத்தரைக்கு முன்பே பிள்ளை அதில் கண்ணயர்ந்தது.

ஆட்டோவை அனுப்பிவிட்டு உள்ளே வந்த விஜயகுமார், ஏணியின் விளிம்பில் விழுந்திருந்த புது நசுங்கலைத் தடவிப் பார்த்தார். "ஏணி விழுந்துச்சா மாமா?"

"ஆமா மாப்ள. ஏணிதான் விழுந்துச்சு."

ராக்கம்மாள் பக்கம் எல்லோர் பார்வையும் திரும்பியது. "இவுக விழலதான். அதுக்கு நான் சாட்சி" என்றார் அவர். "தொங்குனாக." தொட்டிலைப் பிடித்துக்கொண்டே சிரித்த முனீஸ்வரியின் சிரிப்பில் தொட்டில் தானாக ஆடியது.

அதன் பிறகு தெருவில் யார் அந்த ஏணியைக் கேட்டாலும் கர்ணனே தோளில் சுமந்துகொண்டு போவார். தரையைத் தடவிப் பார்ப்பார், விரிப்பார், பூட்டும் சத்தத்துக்குக் காதைக் கொடுப்பார், வேலை முடியும்வரை காலடியில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"வவ்வாலண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் நகட்டுங்க" என்பாள் பஞ்சம்மாள், பரணுக்குக் கை எட்டாமல்.

"எட்டலேன்னா எறங்கு. எறங்குனாத்தான் நகட்டுவேன்" என்பார் கர்ணன்.