நவரத்தினம் அண்ணை வைத்த டைமிங்

செய்தி வந்தபோது நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்று, "நவரத்தினம் போயிட்டான்," என்றார்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "எப்ப?" என்று கேட்டார்.

"விடியப்புறம். ஆஸ்பத்திரியிலை. ஏற்புவலி எண்டு சொல்லுறாங்கள். கைக்காயத்திலை ஊத்தை பட்டு வந்ததாம்."

பிறகு அப்பா தேத்தண்ணி கேட்டார். நான் மற்றப் பாதித் தேங்காயையும் எடுத்துத் திருவினேன். ஒரு பாதி போதும் என்று அம்மா சொல்லியிருந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

கிளிநொச்சிச் சந்தியில் தகரக் கொட்டிலில் கார் திருத்திய நவரத்தினம் அண்ணையை இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு அவர் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சிடுகிறார்கள். அவருடைய மனைவி பரமேசு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, "பிள்ளை, நீ கட்டுரைக்குப் பரிசு வாங்கினனீயெல்லே. அவரைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாவன்," என்று கேட்டார்.

அக்கா திரும்பிப் போனபிறகு அப்பா சொன்னார்: "நல்ல மனுசன், கெட்டிக்காரன் எண்டு எழுது. கார்க் கதை ஒண்டும் வேண்டாம்."

அப்படியே ஒன்று எழுதினேன். அப்பா வாசித்துத் தலையாட்டினார். அது மேசையில் இருக்கிறது. இது வேறு. எல்லோரும் படுத்தபிறகு எழுதுகிறேன்.

அப்பா வாடகைக் கார் ஓடுகிறார். சென்ற வருடம் அந்தக் கார் இரணைமடு அணைக்கட்டில் ஏறும்போதெல்லாம், உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் போட்டது. நிறுத்தி வைத்தால் நடுங்கியது. நவரத்தினம் அண்ணை எந்தக் காரையும் திறக்குமுன் முதலில் ஒரு கேள்விதான் கேட்பார்: "என்ன தொட்டனீங்கள்?" அதற்குச் சரியான பதில் வரவேண்டும். "டொக்டருக்குப் பொய் சொன்னாலும் சொல்லுங்கோ, எனக்குச் சொல்லாதேங்கோ," என்பார். அப்பா காரைக் கொண்டுபோன அன்றைக்கு ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, சத்தம் மாறுகிறதா என்று கேட்டார். நான்கும் வேலை செய்தன. பிறகு பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"அண்ணை, மண்ணெண்ணெய் பருக்கினால் ஆருக்குத்தான் இருமல் வராது?"

"எல்லாக் கார்க்காரரும் கலக்கிறாங்கள்தானே!"

"அப்ப எல்லாக் காரும் இருமட்டும். உங்கடையதுக்கு நெருப்பைக் கொஞ்சம் பிந்த விடுறன். இழுவை குறையும். எஞ்சின் பிழைக்கும்."

எஞ்சினுக்குள் நெருப்புப்பொறி விழும் நேரத்தைத்தான் டைமிங் என்பார்கள். முந்தி விழுந்தால் தட்டும். பிந்தினால் இழுக்காது. பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ரிபியூட்டரை ஒரு நூலளவு திருப்பினாலே நேரம் மாறிவிடும். அதற்குள் இருக்கும் இரண்டு பொயின்றுகளுக்கு இடையில் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளை வைத்துக்கொண்டு, எஞ்சினைக் கையால் சுழற்றும் இரும்பு ஹான்டிலை மெல்ல மெல்லச் சுற்றுவார். தாள் பிடி விட்டுக் கழன்று வரும் இடம்தான் பொறி விழும் இடம். அது சரியாக வந்ததும் இறுக்கிவிட்டு, டிஸ்ரிபியூட்டரிலும் எஞ்சினிலும் சேர்ந்தாற்போல் அரத்தால் ஒரு கோடு கீறினார். "இந்தக் கோடு விலகினால் ஆரோ திருப்பியிருக்கினம் எண்டு அர்த்தம்," என்று அப்பாவுக்குக் காட்டினார்.

இன்னொன்றையும் அப்பா வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்னதால் எனக்குத் தெரியும். முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி ஒருவருடைய லொறிக்கு நவரத்தினம் அண்ணை டைமிங் வைத்துக் கொடுத்திருந்தார். மறுநாள் ஏதோ சந்தேகம் வந்து, லொறி நின்ற விசுவமடுவுக்கு அவ்வளவு தூரமும் சைக்கிளில் போய் நின்றார்.

"என்ன தம்பி, லொறி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது நானா. ஆனால் பிழையா ஓடுது. பிழை என்ரை."

"விசரன்! ஆர் கேட்டது?" என்று அப்பா சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

இந்த மாரிக்கு முன் அப்பாவுக்குப் பூநகரியிலிருந்து கலியாண வீட்டுக்காரரை ஏற்றிவரும் ஓட்டம் ஒன்று கிடைத்தது. ஏழு பேரும் பெட்டிகளும். இழுவை போதாது என்று அப்பா முதல்நாள் பின்னேரம் முற்றத்தில் வைத்து, பொறி முந்தி விழும்படி டிஸ்ரிபியூட்டரைத் தானே திருப்பினார். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தது நான்.

காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவதாக ஏற்றிக்கொண்டார். சந்தியில் பெற்றோலுக்கு நின்றபின் கார் கிளம்பவில்லை. பற்றரியும் இறங்கிவிட்டது. நவரத்தினம் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன தொட்டனீங்கள்?"

"ஒண்டும் தொடேல்லை. நீ விட்டபடிதான் கிடக்கு. கெதியாப் பார், கலியாண ஓட்டம்."

நான் பின் ஆசனத்தில் இருந்தேன். எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தான் விட்டபடி என்றதால் அவர் எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. ஹான்டிலைப் போட்டுச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் பொறி முந்தி விழுந்து, ஹான்டில் எதிர்ப்பக்கம் சுழன்று அவருடைய கையில் அடித்தது. காய்ந்த தடி முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஹான்டில் புழுதியில் விழுந்தது. மணிக்கட்டுக்கு மேலே தோல் பிளந்து இரத்தம் வந்தது. அவர் தோளில் கிடந்த எண்ணெய்த் துணியால் அதைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் மூடியைத் திறந்தார். குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் மறுபடி குனிந்தார். இடது கையாலேயே டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி, கோடுகளைச் சேர்த்து இறுக்கினார்.

"இனி அடியாது. நீங்கள் சுத்துங்கோ அண்ணை. பெருவிரலை உள்ளுக்குக் குடுக்காதேங்கோ."

கார் ஒரே சுற்றில் கிளம்பியது. அவர் என் பக்கம் வந்து, "பயந்திட்டியோ பிள்ளை? ஒண்டுமில்லை. உனக்குப் பள்ளிக்கூடம் பிந்தப்போகுது," என்றார். நான் "ஓம்" என்றேன். அவரோடு நான் கடைசியாகக் கதைத்தது அந்த ஒரு சொல்தான்.

பத்தாம் நாள் தாடை இறுகி, தண்ணீர்கூட இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

செத்த வீட்டில் பந்தலுக்குக் கீழே கார்க்காரர்கள் இருந்து கதைத்தார்கள். "டைமிங்கிலை புலி எண்டு சொல்லித் திரிஞ்சான். அவன் வைச்ச டைமிங்கே அவனை அடிச்சுப்போட்டுது," என்றார் ஒருவர். "இனிமேல் அவன் பூட்டின காரெல்லாத்தையும் ஒருக்காப் பார்க்கவேணும்," என்றார் மற்றவர். அப்பா அவர்களுக்கு நடுவில் இருந்தார். வெற்றிலைத் தட்டத்தை அடுத்தவருக்குத் தள்ளினார். இப்போது கொட்டிலை நவரத்தினம் அண்ணையின் தம்பி திறக்கிறார். ஒரு காரும் வருவதில்லை.

கட்டுரை கேட்க வந்த அன்றைக்குப் பரமேசு அக்கா படலையடியில் என் கையைப் பிடித்தார். "அவர் பிழையாப் பூட்டினவரோ பிள்ளை? நான் எத்தினை தரம் கேட்டுப் பார்த்தனான். கை வழுக்கிப்போச்சு எண்டுதான் சொன்னவர். நீ காருக்குள்ளை இருந்தனீதானே?"

"தெரியாது அக்கா," என்றேன்.

எனக்குத் தெரியும். அவர் வைத்த டைமிங் சரியாக இருந்தது. அதைத் திருப்பியவர் என் அப்பா. கேட்டபோது இல்லை என்றவரும் அவர்தான். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். இது வெளியே தெரிந்தால் அப்பாவுக்கு ஓட்டம் கிடைக்காமல் போகலாம். அந்தக் கார்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அவர் என்னோடு கதைக்காமலே விட்டுவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

நவரத்தினம் அண்ணை எனக்கென்று விட்டுப்போனது ஒன்றுதான்: தன்மேல் பிழை இல்லை என்று தெரிந்தும் அவர் யாருக்கும் சொல்லாமல் போனது. அவர் சொல்லாமல் இருக்கலாம். நான் இருக்கக்கூடாது. விடிந்ததும் பள்ளிக்கூடம் போகும் வழியில், மேசையில் இருப்பதை அங்கேயே விட்டுவிட்டு இதைக் கொண்டுபோவேன். அக்கா, அச்சுக்கூடத்துக்கு இதையே அனுப்புங்கள். கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன். அப்பாவின் பெயரையும் முழுதாக எழுதியிருக்கிறேன்.