அன்புசெல்வியின் சீரியல் செட்டு

நூலின் ஒரு முனை பல்லில். மறுபாதி இரண்டு கைகளுக்கும் நடுவே முறுக்கிக்கொண்டு கத்தரிபோலத் திறந்து மூடுகிறது. வலது புருவம் முடிந்தது. இடது புருவத்துக்கு வரும்போது அன்புசெல்வியின் கை நிற்கிறது. ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாள். அதைத் திறந்து மற்றதை மூடிப் பார்க்கிறாள். பிறகு நூலைப் பல்லிலிருந்து எடுத்துச் சுருட்டி டப்பாவில் போடுகிறாள்.

"அக்கா, செத்த நேரம் அப்படியே சாஞ்சிக்கோங்க. உங்க மூஞ்சில பாதியக் காணோம்."

நாற்காலியில் இருப்பவர் புதிதாக வந்தவர். துள்ளி எழுந்து கண்ணாடியைப் பார்க்கிறார். முகம் முழுசாகத்தான் இருக்கிறது. புருவம்தான் ஒன்று வில்லாகவும் மற்றது புதராகவும் நிற்கிறது.

"இன்னாம்மா இது, நான் பஸ் புடிக்கணும்!"

"ஒத்தப் புருவத்தோட போறதுன்னா போங்க, நான் தடுக்கல. பஸ்ல எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். முதலியார்பேட்டையில் தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு இருக்கும் அந்தப் பார்லருக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் இதற்கெல்லாம் பதறுவதில்லை. அவர்களே எழுந்து ட்யூப்லைட்டை அணைக்கிறார்கள், ஷட்டரைப் பாதி இறக்குகிறார்கள். "சீரியல் செட்டு போட்டாச்சா அன்பு?" என்று கேட்டுவிட்டு, விட்ட கதையை இருட்டில் தொடர்கிறார்கள்.

சீரியல் செட்டு என்பது அவள் வைத்த பெயர். பார்வையின் ஓரத்தில் முதலில் ஒரு புள்ளி காணாமல் போகும். அதைச் சுற்றி ரம்பப் பல்போல வளைந்து வளைந்து ஒரு வெளிச்சக் கோடு மினுங்கும், ஓடும், அகலும். கல்யாண வீட்டு வாசலில் தொங்குமே, அதேதான். பார்க்கிற முகத்தில் ஒரு பக்கம் இருக்காது. கறுப்பாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது, இருக்கவே இருக்காது. அரை மணி நேரம் போல ஆடிவிட்டு விளக்கு ஓரமாக நகர்ந்து அணைந்துபோகும். பின்னாலேயே தலைவலி வரலாம், வராமலும் இருக்கலாம். கோளாறு கண்ணில் இல்லை. எந்தக் கண்ணை மூடினாலும் அது தெரிவதே அதற்குச் சாட்சி. மூளையின் பின்பக்கத்தில் நடக்கிற கூத்து அது. பார்வை அங்கேதான் சமைக்கப்படுகிறது.

இது தெரிவதற்குள் அவள் பட்ட பாடு வேறு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கண்ணாடியை விற்றார். பித்தம் என்று அம்மா சொர்ணம் இஞ்சியைத் தட்டித் தட்டிக் கொடுத்தார். சொர்ணம் வீராம்பட்டினத்தில் மீன் விற்கிறவர். இஞ்சியில் அடங்காத எதையும் அம்மன் கணக்கில் எழுதிவிடுவார்.

"ஆத்தா ஒன் கண்ணுல வெளையாடுறாடி."

"வெளையாடட்டும். வேலை நேரத்துல வேணாம்னு சொல்லி வையி."

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீட்டு மதாம் ஒருவர் மாதம் ஒருமுறை புருவத்துக்கு வருவார். இது மைக்ரேன், பிரெஞ்சில் 'மிக்ரேன்' என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அன்புசெல்வி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். "பேரு நல்லாத்தான் இருக்குது மதாம், பிஸ்கட்டு பேரு மாதிரி." ஆனாலும் சீரியல் செட்டை அவள் விடவில்லை.

அது வரும் நேரமும் அவளுக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மாதவிலக்கு ஒரு மாதம் முந்தும், ஒரு மாதம் பிந்தும். விளக்கு பெரும்பாலும் அதற்கு முதல் நாள் வரும், அல்லது அன்றைக்கே வரும். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: விலக்குக்கு முன்னால் உடம்பில் ஒரு ஹார்மோன் சட்டென்று இறங்கும், சிலருக்கு அந்த இறக்கம் இதைத் தூண்டலாம்; எல்லாருக்கும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு அன்புசெல்வி இதைச் சுருக்கிச் சொல்கிறாள்: "உள்ள கரண்ட்டு எறங்குனா வெளிய லைட்டு எரியுது."

முதல் நாளே அவளுக்குக் கொட்டாவி வரும். தூக்கக் கொட்டாவி இல்லை. தாடை கழன்றுவிடுமோ என்று பயப்படுகிற கொட்டாவி. வாயில் நூலைக் கவ்விக்கொண்டு செய்கிற தொழிலில் கொட்டாவியைப்போலத் தொல்லை வேறில்லை. அன்றைக்கே ஸ்கூட்டி சாவியைப் புருஷன் செல்வகுமாரிடம் கொடுத்துவிடுவாள். அவன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கிறவன். போகும்போது இறக்கிவிட்டு, வரும்போது ஏற்றிக்கொள்வான்.

"இப்ப என் மூஞ்சி எவ்ளோ தெரியுது?"

"பாதி."

"பாதியே எப்படி இருக்குது?"

"மீதியும் மறைஞ்சிடுச்சின்னா நல்லா இருக்கும்."

விளையாட்டுக்குத்தான். போன ஆடியில் செல்வகுமார் விளையாடவில்லை.

வீராம்பட்டினத்துத் தேருக்கு அம்மா வீட்டில் கூடுகிற பெண்களில் பாதிப்பேர் விலக்குத் தேதியைத் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்களாக இருப்பார்கள். தலைவலி மாத்திரையைப்போல மெடிக்கலில் கேட்டு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு மறந்துபோகிற விஷயம் அது. அன்புசெல்வியும் போட்டுக்கொண்டாள். தேர் நகர்ந்த நேரத்தில் விளக்கு வந்தது. வழக்கம்போல நகர்ந்து போகவில்லை. வலது கை விரல் நுனியில் மரமரப்பு தொடங்கி முழங்கைக்கு ஏறியது, அங்கிருந்து உதட்டுக்குத் தாவியது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள். "அது... அது..." என்று வந்ததே தவிர, தண்ணி என்ற சொல் வரவில்லை. செல்வகுமார் அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கதிர்காமத்துக்கு ஓடினான். அவன் செய்தது சரி. வாய் குழறினால், கை மரத்தால், ஆலோசனை கேட்டுக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சொல்லும் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது. இந்த வெளிச்சம் வருகிறவர்கள் ஹார்மோன் மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கவே கூடாது, சில மாத்திரைகளால் பக்கவாதம் வரும் ஆபத்து கூடும், எதையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அன்புசெல்விக்கு அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "தண்ணின்ற சொல்லு போயிட்டு வந்துச்சி. அடுத்தவாட்டி வராம போனா? ஊமையா நின்னு புருவம் எடுக்கலாம், வாடிக்கைய வச்சிக்க முடியுமா?"

இந்த வருஷம் அண்ணன் கலைச்செல்வனின் மகள் சிந்துஜா வயதுக்கு வந்தாள். அண்ணன் சொந்தப் படகு வைத்திருப்பவர், செய்வதைப் பெரிதாகச் செய்வார். அரியாங்குப்பத்தில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா. முதல் நலங்கு அத்தை வைக்க வேண்டும், அத்தை என்றால் அன்புசெல்வி ஒருத்திதான். அண்ணி நிர்மலாதேவி பத்திரிகையோடு பார்லருக்கு வந்தார். பத்திரிகைக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டையும் இருந்தது.

"உனக்கு அந்தத் தேதிதான் வரும்னு உங்கம்மா சொன்னாங்க. நாலு நாளு தள்ளிப்போனா போதும் அன்பு. நானே போட்டுக்கினுதான் இருக்கேன்."

"ஒக்காருங்க அண்ணி, புருவம் காடாக் கெடக்குது."

அண்ணி உட்கார்ந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. புருவம் எடுக்கும்போது ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் இமையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்க வேண்டும். வாயை அசைத்தால் வலிக்கும். நூல் கையில் இருக்கும்வரை அன்புசெல்வியோடு வாதம் செய்ய ஒருவராலும் முடியாது. அவள் மட்டும் நூலைக் கவ்விய பல்லிடுக்கிலேயே பேசுவாள்.

"எதுக்கு அண்ணி இந்த விழா?"

"இன்னாடி கேள்வி, புள்ள பெரிய மனுஷி ஆனதுக்கு... ஆ!"

"அசையாதீங்க. அவளுக்கு வந்ததுக்கு மண்டபம், மேளம், சீர்வரிசை. எனக்கு வந்தா மாத்திரையா?"

சுவரோரம் காத்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணியால் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை.

"சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கட்டும். போன வருஷம் வாய் கொழறுனது எனக்கு. சம்பிரதாயம் நல்லாத்தான் பேசிக்கினு இருந்துச்சி."

ஒரு புருவம் முடிந்ததும் அண்ணி கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். பொல்லாதவர் இல்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று பயப்படுகிறவர், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் குரல் கடுமையாக வந்தது.

"மாத்திரை போட மாட்டன்னா நலங்குக்கு உன் எடத்துல ராஜாம்பாள் சித்தியத்தான் நிக்க வைக்கணும். அப்புறம் என்னக் கேக்காத."

"அத்தை நான். நான் வருவேன். மாத்திரை வராது." அட்டையை எடுத்து அண்ணியின் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். "அந்தப் பக்கம் திரும்புங்க, இன்னொண்ண முடிச்சிடுறேன்."

விழாவுக்கு முதல் நாள் முழுக்க அவளுக்குக் கொட்டாவி. விடிந்ததும் விலக்கு வந்துவிட்டது. போகாமல் இருந்துவிடலாமா என்று செல்வகுமார் கேட்டான். அவள் பட்டுப் புடவையை உதறிக் கட்டினாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறினாள்.

மண்டப வாசலில் அம்மாவைத் தனியே இழுத்தாள்.

"வந்துடுச்சி. நான் போயி நலங்கு வைக்கப்போறேன். கத்துறதுன்னா இங்கியே கத்திடு."

சொர்ணத்தின் குரல் மீன் ஏலத்தில் பத்துப்பேர் குரலை அடக்கும். மகளை மேலும் கீழும் பார்த்தார். போன ஆடியில் அந்த உதடு ஒரு சொல்லைத் தேடித் தவித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

"கண்ணாடியக் கழட்டிட்டுப் போ. துக்க வீட்டுக்கு வந்தவ மாதிரி இருக்குது" என்றார். தன் கொண்டையிலிருந்த மல்லிகையில் பாதியைப் பிய்த்து மகள் தலையில் செருகினார்.

மேடையில் சிந்துஜா புதுப்பட்டில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணி. அண்ணிக்குப் பக்கத்தில், சொன்னபடியே, குங்குமச் சிமிழோடு ராஜாம்பாள் சித்தி. வீடியோக்காரரின் விளக்கு எல்லாருடைய முகத்தையும் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆக்கியிருந்தது. அன்புசெல்வி படியேறும்போதே ஓரத்தில் ஒரு புள்ளி காணாமல் போனது. மேடைக்கு வருவதற்குள் சீரியல் செட்டு ஓடத் தொடங்கிவிட்டது.

"ஏன் அத்த லேட்டு?" என்று சிந்துஜா கிசுகிசுத்தாள். அரை உதடுதான் அசைந்தது. ஒரு கண், பாதி மூக்கு, ஒரு தோடு. மற்றப் பாதி இல்லை.

அவள் கண்ணை மாற்றி மாற்றி மூடுவதை அண்ணி பார்த்துவிட்டார். முகம் வெளிறியது. "வந்துடுச்சா?" என்றார். எதைக் கேட்டாரோ.

"ரெண்டும் வந்துடுச்சி. சிமிழக் குடுங்க சித்தி."

ராஜாம்பாள் சித்தி அண்ணியைப் பார்த்தார். அண்ணி கீழே சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார், மேடை ஓரம் வந்து இடுப்பில் கைவைத்து நின்ற மாமியாரைப் பார்த்தார். சித்தி பொறுக்காமல், "நீ தள்ளும்மா, கண்ணு தெரியாம மூக்குல வச்சிடப்போற. நான் வச்சிடுறேன்" என்றார்.

அண்ணி சிமிழை அவர் கையிலிருந்து வாங்கினார். ஒரு கணம் தானே வைத்துக்கொண்டார். பிறகு அன்புசெல்வியிடம் நீட்டினார்.

"தம்பி, அந்த லைட்ட அணை" என்றாள் அன்புசெல்வி.

"அக்கா, வீடியோ இருட்டா வருமே."

"வரட்டும்."

விளக்கு அணைந்தது. அவளுக்குள் ஓடிய விளக்கு மட்டும் அணையவில்லை. அவள் அதை நிற்கச் சொல்லிக் காத்திருக்கவும் இல்லை. இடது கைப் பெருவிரலைச் சிறுமியின் ஒரு புருவத்தின் வால் முனையில் வைத்தாள். நடுவிரலைக் காணாமல் போன பக்கத்தில் நீட்டினாள். அங்கே இன்னொரு புருவம் இருந்தது, நூல் படாத மெல்லிய முடியோடு. இரண்டு விரல்களையும் முடியின் போக்குக்கு எதிராக உள்நோக்கி நகர்த்தினாள். அவை ஒன்றையொன்று தொட்ட இடத்தில், வலது கை மோதிர விரலால் குங்குமத்தை எடுத்து அழுத்தி வைத்தாள். நட்டநடுவில்.