கார்பனுக்குக் குறைந்த இரண்டு புள்ளி

அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரியில் பி.யு.சி. படித்தபோது, கெமிஸ்ட்ரியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. விடுதியில் என் அறையில் இருந்த மூவரில் ஒருவன் கெலமங்கலத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், இங்கே எல்லாமே இங்கிலீஷ் என்று திண்டாடிக்கொண்டிருந்தான். கல்லூரித் தேர்வில் கெமிஸ்ட்ரி தேறாதவர்களைப் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்புவதில்லை என்று வாத்தியார் சொன்னதிலிருந்து அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

ஓர் அணுவின் எலெக்ட்ரானுக்குப் புள்ளி, மற்றதன் எலெக்ட்ரானுக்குப் பெருக்கல் குறி. கார்பனோ ஆக்சிஜனோ, அதைச் சுற்றி எட்டு வரவேண்டும்; நடுவில் பகிர்ந்துகொள்வது இரண்டின் கணக்கிலும் சேரும். இதுதான் பாடம். காகிதத்தில் அழித்து அழித்துச் சலித்துப்போனவன், ஊரிலிருந்து புளியங்கொட்டை எடுத்துவந்தான். தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியவை. வெள்ளைப் பக்கம் ஓர் அணுவுக்கு, கருப்புப் பக்கம் இன்னொன்றுக்கு. கட்டிலில் துண்டை விரித்து அதன்மேல் வைத்துப் பழகுவான்.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் கார்பன் மோனாக்சைடு வைத்தான். கார்பனுக்கு நான்கு வெள்ளை, ஆக்சிஜனுக்கு ஆறு கருப்பு. இரு ஓரத்திலும் இரண்டிரண்டு, நடுவில் ஆறு. அந்த ஆறில் நான்கு கருப்பு.

"தப்புடா," என்றேன். "ஆக்சிஜனுக்கு வேலன்சி ரெண்டு, ரெண்டு கைதான். நாலு எப்படிக் குடுக்கும்? ஆளுக்கு ரெண்டு போட்டு நடுவுல நாலு வை."

"அப்ப கார்பனுக்கு ஆறுதானே வருது? ரெண்டு கொறையுதே."

"இது புளியில கொட்டை எடுக்கிற வேலை இல்லடா. நான் சொன்னத எழுது."

அறையில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கொட்டைகளை வாரி டப்பாவில் போட்டுக்கொண்டான்.

ஆனால் அவன் கேட்டது என்னை விடவில்லை. மறுநாள் வாத்தியாரிடம் போய், என் சந்தேகம் போலவே கேட்டேன். கார்பனுக்குக் குறைகிற ஜோடியை ஆக்சிஜனே தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது, நடுவில் ஆறுதான் என்றார். நல்ல கேள்வி என்று தட்டியும் கொடுத்தார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அறைக்கு வந்தால், அவன் என் படத்தைப் பத்தாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தான். சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். நேற்று கேலி செய்த வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கும் சொல்லவில்லை.

தேர்வில் அதே கேள்வி வந்தது, ஐந்து மார்க்குக்கு. நான் அவன் வைத்தபடி எழுதினேன். அவன் நான் சொன்னபடி எழுதினான். தேறுவதற்கு அவனுக்கு மூன்று மார்க் குறைந்தது.

டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்குக் கிளம்பியவன், விடைத்தாளை என்னிடம் நீட்டினான். என் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு.

"நீ சரியாத்தான் சொல்லிக் குடுத்த. நான்தான் எங்கியோ மாத்திப் போட்டுட்டேன். எங்கன்னு பாத்துச் சொல்லு."

தாளை வாங்கி வெகுநேரம் பார்ப்பதுபோல் பார்த்தேன். பிறகு ஏதோ ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்து, "இங்கதான்" என்றேன்.