வாய்க்கால் கரையிலை நட்ட பெற்றிசம்

எனக்கு இங்கிலீசு தெரியுமெண்டு கலியாணப் பேச்சிலை ஆர் சொன்னதெண்டு கேட்டால், நான்தான். வேறை ஆர் சொல்லப் போகினம்? பள்ளிக்கூடத்துக்கு நான் போனது ரண்டு வருசம். அதிலையும் ஒரு வருசம் கூரை வேயுறமெண்டு பூட்டு.

ஐம்பதுகளின்ரை கடைசியிலை விசுவமடுப் பக்கம் ஒரு குளத்து நீர்ப்பாசனக் கந்தோரிலை, சர்க்கார் ஒப்பீசிலை, நான் பெயின்ற் அடிக்கிற ஆள். வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து, 'டேஞ்சர்' மட்டும் சிவப்பு. குளக்கட்டிலை 'டேஞ்சர், டீப் வோட்டர்'. குளத்துத் தண்ணி திறந்துவிடுற துருசடியிலை 'நோ பாதிங்'. வாய்க்கால் தொடங்கிற இடத்திலை 'மெயின் சனல்', சனல் எண்டால் வாய்க்கால். உடைஞ்ச பாலத்தடியிலை 'றோட் குளோஸ்ட்'. நான் எழுதுறதைச் சனம் நிண்டு பாக்கும். எழுதுறவனுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு ஆர் நினைப்பினம்? நானும் வாயைத் திறக்கேல்லை.

பெரிய கிளாக்கர் ஒரு துண்டிலை சொல்லை எழுதித் தருவார். நான் அதைக் கோலம் மாதிரிப் பாத்துக் கீறுவன். காய முதல் அவர் சைக்கிளிலை வந்து, குடை நுனியாலை ஒவ்வொரு எழுத்தாய்க் குத்திக் குத்திப் பாப்பார். ஒண்டு பிழைச்சால் பலகை முழுக்கச் சுரண்ட வேணும். ஒருநாள் 'இரிகேசன்' எண்டு எழுதினன்.

"ஒரு 'ஆர்' எழுத்து எங்கை?" எண்டார்.

"ஐயா, அதிலை ரண்டு 'ஆர்' கிடந்துது. சத்தம் ஒண்டுதானே எண்டு ஒண்டை விட்டிட்டன். பெயின்ற் மிச்சம்."

"மிச்சம் பிடிச்ச பெயின்றை உன்ரை மூஞ்சையிலை பூசு. இப்ப சுரண்டு."

அவர் ஏசி ஏசியே எழுத்துகளின்ரை பேர் எனக்குப் பழகிப்போச்சு. ஆனால் அந்தப் பாசையின்ரை நியாயம் பிடிபடேல்லை. தமிழிலை வாய் சொல்லுறதைக் கை எழுதும். இதிலை எழுதுறது ஒண்டு, சொல்லுறது இன்னொண்டு. கந்தோர் நடக்கிறதும் அப்பிடித்தானே, பொருத்தமான பாசைதான் எண்டு நினைச்சுக்கொண்டன்.

என்ரை மாமா, மனிசியின்ரை தகப்பன், யாழ்ப்பாணத்திலையிருந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்தவர். மூண்டு ஏக்கர், வாய்க்காலின்ரை கடைசித் தொங்கலிலை. அந்தச் சிறுபோகம் நெல்லு, கதிர் வர முதல் குடலை தள்ளுற நேரம், மடைக் கதவு திருத்தப் போறமெண்டு, கந்தோர் வேலையளை மேற்பாக்கிற ஓவசியர் கிளை வாய்க்காலைப் பூட்டினார். பூட்டினவர் திருத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை. மாமா நாலு தரம் போய்க் கேட்டார். நாலு தரமும் "நாளைக்கு". இன்னும் ஒரு கிழமை தண்ணி வராட்டி முழுக்க மணி பிடிக்காத சப்பி நெல்லுத்தான். ஓவசியருக்கு மேலை இருந்த எஞ்சினியருக்குத் தமிழ் தெரியாது. வெள்ளிக்கிழமையிலை ஜீப்பிலை ஒருக்கால் சுத்திப் பாத்திட்டுப் போவார்.

செவ்வாய்க்கிழமை மாமா வந்து கதிரையிலை இருந்தார்.

"தம்பி, தண்ணி கேட்டு எஞ்சினியருக்கு இங்கிலீசிலை ஒரு பெற்றிசம் எழுதுங்கோ. காசு குடுத்து எழுதுவிப்பம் எண்டு பக்கத்துக் காணிக்காரர் சொல்லிச்சினம். வீட்டிலை இங்கிலீசுக்காரன் இருக்கேக்கை என்னத்துக்கு வெளியிலை போவான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஓம் மாமா," எண்டன். ஓம் எண்ட சொல்லு மட்டும் எனக்கு ஒருநாளும் பிழைக்கிறேல்லை.

அவர் போனாப்போலை கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு குசினி வாசலிலை இருந்தன். என்ரை எழுத்து ஒவ்வொண்டும் ஒரு சாண். 'டேஞ்சர்' எழுதக் கடதாசி முடிஞ்சுது. பேனையைத் தூரிகை மாதிரி அமத்தினதிலை அது கிழிஞ்சும் போச்சு.

மனிசி அடுப்படியிலையிருந்து பாத்தாள். "என்னப்பா, கடதாசியை உழுறியளோ?"

"இஞ்சை, ஒரு கதை. எனக்கு இங்கிலீசு தெரியாது."

"அது எனக்குத் தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள். எனக்கு மூக்கடைச்சுத் தடிமன் எண்டு ஒரு மருந்துப் போத்தலை வாசிச்சுக் காட்டித் தந்தியளே. அது ஆட்டுக்குப் பூச்சி மருந்து."

அவள் மிசன் பள்ளிக்கூடத்திலை அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள், இங்கிலீசிலை சொல்லு வாசிப்பாள், கடிதம் எழுத வராது. மூண்டு வருசம் இதை மனசுக்குள்ளை வைச்சிருந்திருக்கிறாள். ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன்.

"அப்பு, மருமோன் இங்கிலீசுக்காரன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டுக்கொண்டு திரிஞ்சார். என்னெண்டு சொல்லுறது?"

கிழிஞ்ச கடதாசியைச் சுருட்டி அடுப்புக்குள்ளை போட்டன்.

பேந்து அவள் கேட்டாள், "பலகையிலை எழுதின சொல்லுகள் தெரியுந்தானே? சொல்லுங்கோ." சொன்னன். டேஞ்சர், வோட்டர், நோ, குளோஸ்ட், சனல். அவள் கரித்துண்டாலை நிலத்திலை கோடு இழுத்துச் சொல்லுகளை அடுக்கினாள். 'டேஞ்சர். நோ வோட்டர். சனல் குளோஸ்ட்.' நாங்கள் சொல்ல வேண்டியது எல்லாம் வந்திட்டுது. கடதாசியிலை என்ரை கை ஓடாது, பலகையிலை ஓடும். வாய்க்காலடியிலை, ஜீப் வாற பாதையிலை நட்டுவிடுவம் எண்டன்.

அவள் அடுக்கினதைத் திரும்பப் பாத்தாள். "எல்லாம் வெருட்டுற சொல்லாய்க் கிடக்கு. கேக்கிற சொல்லு ஒண்டும் இல்லையோ?"

"கந்தோர் ஆரையும் கேட்டதில்லை. அதாலை நான் எழுதினதுமில்லை."

'ப்ளீஸ்' எண்டு எழுதிக் காட்டினாள். பீ, எல், ஈ, ஏ, எஸ், ஈ. நான் விரலாலை எண்ணிப் பாத்தன். ஆறு.

"நடுவிலை நிக்கிற அந்த ஏ என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யாது."

"கடைசி ஈ?"

"அதுவும் சும்மா நிக்கும்."

"உன்ரை பெரியண்ணர் மாதிரி."

"அவரைக் கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் விட்டுப் பாருங்கோவன், தெரியும்."

அப்பதான் எனக்கு அந்த எழுத்துகளின்ரை சங்கதி கொஞ்சம் விளங்கிச்சு. வேலை செய்யாட்டிலும் அதுகளுக்கு ஒரு இடம் இருக்கு. அதை எடுத்தால் மற்றதுகள் நிலைகுலைஞ்சு போகும். பேந்து அவளிட்டைத்தான் தமிழ் எழுத்தும் ஒழுங்காய்ப் பழகினன். இதை எழுதுறதும் அந்த எழுத்துத்தான்.

வெள்ளிக்கிழமை விடியப் பலகையை நட்டன். பலகையும் கந்தோருடையது, பெயின்றும் கந்தோருடையது. வேலை போனால் போகட்டும் எண்டு வாயாலை சொன்னன். நேராய் நிக்கேல்லையெண்டு மூண்டு தரம் பிடுங்கி நட்டது வேறை கதை. மாமா வெளுத்த வேட்டியோடை வந்தார்.

"பெற்றிசம் எங்கை தம்பி?"

கையைக் காட்டினன். அவர் பலகையைப் பாத்தார், என்னைப் பாத்தார், பலகைக்குப் பக்கத்திலை வந்து நிண்டுகொண்டார்.

ஜீப் வந்துது. வந்து, பலகையைத் தாண்டிப் போட்டுது. மாமா தோளிலை கிடந்த சால்வையை எடுத்துக் கையிலை முறுக்கினார். கொஞ்சத் தூரம் போன ஜீப் நிண்டு, பின்னுக்கு வந்துது. எஞ்சினியர் இறங்கிப் பலகையை ஒருக்கால் வாசிச்சார், திரும்பவும் வாசிச்சார். ஓவசியரைப் பாத்து என்னவோ கேட்டார்.

"ஆர் இதை நட்டது?" எண்டு ஓவசியர் எங்களைப் பாத்துக் கத்தினார்.

கையைத் தூக்கினன். தூக்காட்டிலும் விரலிலை சிவப்புப் பெயின்ற் காயாமல் கிடந்துது.

எஞ்சினியர் சொன்னதை ஓவசியர் விருப்பமில்லாமல் தமிழிலை சொன்னார். "இது எங்கடை பலகை இல்லையெண்டு ஐயா கண்டிட்டாராம். எங்கடை பலகை ஒண்டிலையும் ப்ளீஸ் இல்லையாம்."

பேந்து எஞ்சினியர் சப்பாத்தோடை வயலுக்குள்ளை இறங்கினார். நிலத்து வெடிப்புக்குள்ளை அவரின்ரை சப்பாத்துக் குதி இறங்கிச்சுது. ஒரு குடலையைப் பிச்சு உள்ளை பாத்தார். ஏறி வந்து ஓவசியருக்கு ரண்டு சொல்லுத்தான் சொன்னார். அதை ஓவசியர் எங்களுக்குத் தமிழிலை சொல்லேல்லை. சொல்லவும் தேவையில்லை, ஆளின்ரை முகம் சொல்லிச்சு.

ஞாயிற்றுக்கிழமை தண்ணி வந்துது. மேட்டிலை இருந்த ஒரு ஏக்கர் சப்பியாய்த்தான் போச்சு. மற்ற ரண்டும் தப்பிச்சுது. பின்னேரம் மாமாவும் நானும் வரம்பிலை நிண்டம்.

"தம்பி, அந்தப் பலகையிலை என்னதான் எழுதிக் கிடக்கு?"

"ஆபத்து. தண்ணி இல்லை. வாய்க்கால் பூட்டு. தயவுசெய்து. அவ்வளவுதான் மாமா. அதுக்கு மேலை எனக்கு இங்கிலீசு தெரியாது. கலியாணப் பேச்சிலை சொன்னது பொய்."

அவர் வயலைப் பாத்துக்கொண்டே நிண்டார். "எனக்கும் அந்த எஞ்சினியருக்குச் சொல்ல அதுக்கு மேலை ஒண்டும் இருக்கேல்லை," எண்டார்.

திங்கட்கிழமை பெரிய கிளாக்கர் சைக்கிளிலை வந்து இறங்கினார். குடை நுனியாலை பலகையைக் குத்தினார். "சனலிலை ஒரு 'என்' எழுத்துக் குறையுது."

"ஐயா, தண்ணிதான் வந்திட்டுதே. பலகையைப் பிடுங்கட்டோ?"

"கந்தோர்ப் பலகையைப் பிடுங்க மேலையிருந்து ஓடர் வேணும். அதுக்காகப் பிழையாய் நிக்க விடேலாது. திருத்து."

வாய்க்கால் காஞ்சு கிடக்கேக்கை கரைச் சரிவிலை நட்ட பலகையின்ரை கால் இப்ப தண்ணிக்குள்ளை. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள்ளை இறங்கினன். மாமா கரையிலை நிண்டு பெயின்ற் தகரத்தைப் பிடிச்சார். இருந்த இடைவெளிக்குள்ளை ஒரு ஒல்லி 'என்' எழுத்தைச் செருகினன். தண்ணி முழங்காலுக்கு மேலை இழுத்துக்கொண்டு ஓடிச்சுது. வாய்க்கால் பூட்டியிருக்கு எண்டு ஒரு பிழையுமில்லாமல் எழுதி முடிச்சன்.