மூன்று அங்குலத் தகடு

அஸ்தினாபுரம் சத்தியநாதன் செய்த வேலைக்கு ஊரில் சரியான பேர் கிடையாது. கொல்லர் என்றால் கொல்லரும் இல்லை, கொத்தனார் என்றால் அதுவும் இல்லை. இரும்பில் எந்த இடத்தில் ஓட்டை விழ வேண்டுமோ அந்த இடத்தில் புள்ளி குத்துகிறவர். குரோம்பேட்டையில் பெரிய ரோட்டை ஒட்டி இருந்த இரும்புப் பட்டறையில் அவரை மார்க்கிங் மேஸ்திரி என்பார்கள். அங்கே அவரைச் சேர்த்துவிட்டது மனைவி தபீதாளின் தாய்மாமன். பன்னிரண்டு வருஷம் தோளில் இரும்பு சுமந்த பிறகுதான் சாக்கட்டியும் உளியும் அவர் கைக்கு வந்தன. அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த ஏகநாதன், ஒரு தூணைக் குறைத்து வெட்டச் சொல்லிவிட்டு, அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்டவர். அதைச் சத்தியநாதன் ஒருநாளும் மறந்ததில்லை.

அறுபத்தாறாம் வருஷம் பட்டறைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பட்டணத்தில் ஒன்பது மாடி ஆபீஸ் கட்டிடம். சிமெண்டுத் தூண் வைத்து ஏற்றுகிற காலத்தில், இதற்கு மட்டும் முழுக்க இரும்பு எலும்பு. அமெரிக்காவில் நூற்றிரண்டு மாடிக் கட்டிடம் நிற்கிறதே, அதில் சுவர் எதையும் தாங்குவதில்லை, சுவர் வெறும் சட்டைதான், பாரமெல்லாம் உள்ளே இருக்கும் இரும்புத் தூணும் உத்தரமும் சுமக்கின்றன என்று கட்டிட இன்ஜினியர் வேதசிரோமணி பட்டறைக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனார். சத்தியநாதனுக்கு அது சரியாகவே பட்டது. மனுஷனும் அப்படித்தானே நிற்கிறான்.

தூணும் உத்தரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது 'ட' போல் மடிந்த ஒரு ஆங்கிள் துண்டால். அதன் ஒரு பக்கத்தைத் தூணோடு சேர்த்துப் பழுக்கக் காய்ச்சிய ரிவெட் ஆணி அடிப்பார்கள், மறுபக்கத்தில் உத்தரத்தைக் கொண்டுவந்து போல்ட்டு மாட்டுவார்கள். பக்கத்துக்கு ஆறு ஓட்டை. முதல் மாடிக்கு எட்டுத் தூண், பதினாறு துண்டு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றுக்கும் புள்ளி குத்தி, ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். சாயங்காலம் லோகநாதனின் ரிவெட் கோஷ்டி துண்டுகளைத் தூணில் அடித்து லாரியில் ஏற்றிவிடும். ஞாயிறு தூண்களை நிறுத்துவார்கள், திங்கட்கிழமை உத்தரம் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்தார். தபீதாள் அக்கா மகளுக்கு ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய டேப்பில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர்.

"ஏங்க, இது கோணல் டேப்பா? மூணு அங்குலம்னா ஏழரைன்னு சொன்னீங்க. இங்க ஏழரையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நிக்குது."

"கொஞ்சம்தானே, வெட்டு" என்று கண்ணை மூடியபடியே சொன்னவர், சொன்ன வாய் மூடுவதற்குள் எழுந்து உட்கார்ந்தார்.

உத்தரங்களுக்கு அவர் புதிய மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்துத்தான் குத்தினார். ஓட்டைக்கு ஓட்டை எழுபத்தைந்து. ஆனால் ஆங்கிள் துண்டுகளுக்கு, அவசரத்தில், சுவரில் தொங்கிய பழைய மூன்று அங்குல அளவுத் தகட்டை எடுத்து வைத்துக் குத்தியிருந்தார். மெட்ரிக் வந்து நாலு வருஷமாகியும் பட்டறையில் எல்லோரும் செய்கிற காரியம்தான். இரண்டு ஓட்டைக்கு அந்தப் பேதம் தெரியாது, போல்ட்டு எப்படியோ நுழைந்துவிடும். ஆறு ஓட்டை வரிசையாக வந்தால் ஒவ்வொன்றிலும் ஏறி ஏறிக் கடைசியில் கால் அங்குலம் விலகிவிடும். உத்தரம் மாட்டாது.

இதைத் தபீதாளிடம் சொன்னார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மாட்டாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். சம்மட்டியால் அடிப்பார்கள், அதற்கும் வராவிட்டால் கேஸ் வைத்து ஓட்டையை எரித்துப் பெரிதாக்குவார்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார் அவர். எரித்த ஓட்டையில் போல்ட்டு ஆடும். அதற்குமேல் எட்டு மாடி ஏறும். ஒத்துக்கொண்டாலோ, தூணில் அடித்த ரிவெட்டையெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைவெட்டி எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட நூறு இருக்கும், அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வெட்ட வேண்டும். ஏகநாதனுக்குக் காட்டிய வழியைத்தான் தனக்கும் காட்டுவார்கள்.

தபீதாள் வெட்டிய துணியை மடித்து வைத்தாள். பிறகு, "விடிஞ்சதும் போய்ச் சொல்லிடுங்க. வேலை போனா போகுது, நான் டீச்சர் வேலைக்குத் திரும்பிப் போறேன்" என்றாள்.

திங்கட்கிழமை முதல் ரயிலில் குரோம்பேட்டையில் ஏறினார். எழும்பூரில் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது எட்டுத் தூணும் வானத்தைப் பார்த்து நின்றன. முதல் உத்தரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தார்கள். வேதசிரோமணியைத் தேடிப் பிடித்து, குட் மார்னிங் கூடச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார். தகடு, ஸ்கேல், ஆறு ஓட்டை, கால் அங்குலம், எல்லாம்.

இன்ஜினியர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "நீ சொல்லலேன்னா எனக்கு எப்ப தெரிஞ்சிருக்கும்?"

"தெரிஞ்சிருக்காது சார். கேஸ்காரன் எரிச்சிட்டிருப்பான்."

வேதசிரோமணி கையைத் தூக்கிச் சங்கிலியை நிறுத்தச் சொன்னார். ஏறிப் போய் ரிவெட்டைப் பார்க்கலாம் என்று அவர் ஏணியில் கால் வைத்தபோதுதான் மேலே சாரத்தில் உட்கார்ந்திருந்த லோகநாதன் அவசரமாக இறங்கி வந்தான். லோகநாதனும் சத்தியநாதனும் இருபது வருஷமாய் மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள்.

"சார், ஏறாத சார். இன்னா கீதுன்னு நானே சொல்லிடறேன்" என்றான். பேசும்போது அவன் இன்ஜினியர் முகத்தைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மழை கொட்டியிருக்கிறது. கரி நனைந்துவிட்டது. ரிவெட் சிவக்கவே இல்லை. சிவக்காத ரிவெட்டை அடித்தால் பிடிக்காது. லாரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. பட்டறையில் கேட்டதற்கு ரிவெட் முடிந்தது என்று சொல்லிவிட்டு, துண்டுக்கு இரண்டு போல்ட்டை மட்டும் மாட்டி ஏற்றிவிட்டார்கள். இங்கே வந்து சத்தமில்லாமல் ரிவெட் அடித்துக்கொள்ளலாம் என்பது எண்ணம்.

"ஒண்ணுகூட அடிக்கலையா?" என்றார் சத்தியநாதன்.

"ஒண்ணும் அடிக்கல மச்சான். நீ இன்னாத்துக்கு என்னைப் பாத்து அழுதுகினு கீறே?"

அவர் அழவில்லை. செங்கல் குவியல் ஒன்றின்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். தலைவெட்ட ரிவெட்டே இல்லை. முப்பத்திரண்டு போல்ட்டைக் கழற்றினால் துண்டு கையோடு வந்துவிடும். தூணில் ஒட்டுகிற பக்கம் பழைய தகட்டின்படியே இருக்கட்டும், தூண் ஓட்டையும் அதே தகட்டில் குத்தியதுதான். உத்தரத்தைப் பிடிக்கிற பக்கத்தை மட்டும் ஸ்கேல் வைத்துக் குத்திப் பதினாறு புதுத் துண்டு செய்தால் போதும்.

வேதசிரோமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பட்டறையில நேரா ஒரு வேலை செய்யத் தெரிஞ்சவன் எவனாவது இருக்கானா?" என்று கேட்டார். பிறகு பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அங்கேயே முழங்கால்மேல் வைத்து எழுதினார். தப்பு நடந்தது, செய்தவர் தானே வந்து சொன்னார், இரண்டு நாள் தாமதம் எனக்குச் சம்மதம், இந்த ஆளை வேறு யாரோடும் மாற்ற வேண்டாம் என்று.

அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிய சத்தியநாதன், அதை முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி இரண்டு தடவை படித்தார். லோகநாதனைத் திட்டினார், கரிமேல் தார்ப்பாய் போடாதவர்களைத் திட்டினார், பேஜாரான மழையைத் திட்டினார். கடைசியில் சத்தியநாதனைப் பார்த்து, "போய் அந்தத் தகட்ட வெட்டித் துண்டாக்கிட்டு வேலையப் பாரு" என்றார்.

புதன்கிழமை முதல் உத்தரம் ஏறியபோது சத்தியநாதனையே மேலே ஏறச் சொன்னார் இன்ஜினியர். அவருக்கு உயரம் ஆகாது. லோகநாதன் இடுப்பில் கயிறு கட்டிவிட்டுப் பின்னால் நின்றான். உத்தரம் மெல்ல ஆடி வந்து துண்டோடு உரசி நின்றது. சத்தியநாதன் மேல் ஓட்டையில் போல்ட்டை வைத்தார், போனது. அடுத்தது, அதற்கடுத்தது. ஆறாவது போல்ட்டைச் சம்மட்டி தொடாமல் ஒற்றை விரலால் தள்ளினார். மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"கீழே பாக்காத மச்சான், போல்ட்டப் பாரு" என்றான் லோகநாதன்.

அன்று சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தார். மூன்று ராத்திரி சரியாக மூடாத கண். பல்லாவரம் போனது தெரியாது, குரோம்பேட்டை போனதும் தெரியாது. கடைசி ஸ்டேஷனான தாம்பரத்தில் வண்டி காலியாகி விளக்கணைந்த பிறகு ஒரு போர்ட்டர் வந்து தோளைத் தட்டினான். இறங்கி, இது தாம்பரமா என்று கேட்டு, சிரித்துக்கொண்டே ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து அஸ்தினாபுரத்துக்கு நடந்தே போனார்.