தூசிக் கண்ணாடி

என் கடைத் திறப்பு விழாவில் வியாபாரிகள் சங்கத் தலைவர் ரிப்பனை வெட்டவில்லை. அதற்கு முன்னால் இருந்த காற்றை வெட்டினார். கத்தரிக்கோல் வெறுமனே 'சக்' என்றது. கூட்டம் கைதட்டிவிட்டது. அடுத்த முறை, வாசலில் தொங்கிய சாமந்திச் சரத்தின் நுனி அறுந்து விழுந்தது. அதற்கும் தட்டினார்கள். மனிதர் கொஞ்சமும் அசராமல் இடது கையால் ரிப்பனைத் தடவிப் பிடித்து, விரலை ஒட்டி வைத்து வெட்டி, "நல்லா நடக்கும், போ" என்று வாழ்த்தினார். கண் பரிசோதனை படித்துவிட்டு செஞ்சி கடைத்தெருவில் கண்ணாடிக் கடை திறக்கிற எனக்கு, முதல் வாடிக்கையாளர் யாராக இருக்க வேண்டும் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

நைனாவுக்கு இந்தக் கடையில் துளியும் விருப்பமில்லை. அவலூர்பேட்டை சாலையில் ஒரு கிராமத்தில் எங்கள் நிலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போட்டு என்னைப் படிக்க வைத்தவர். சென்னையில் ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை தயாராக இருந்தது. "மாசம் பொறந்தா சம்பளம். அத வுட்டுட்டு செஞ்சில வந்து ஈ ஓட்டப் போறியா?" என்றார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் அம்மா நடுவில் புகுந்து ஓர் ஒப்பந்தம் செய்தாள்: பொங்கல் வரைக்கும் பார்ப்பது. தை பிறப்பதற்குள் கடை சொந்தக் காலில் நிற்காவிட்டால், ஷட்டரை இழுத்துவிட்டு நான் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். சென்னைக்காரர்களும் அதுவரை பொறுப்பதாகச் சொன்னார்கள்.

திறப்பு விழா அன்று, புதிதாக அச்சடித்த விசிட்டிங் கார்டுகளில் முதல் கார்டை நைனாவிடம்தான் கொடுத்தேன். வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "நல்லாருக்குது" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட இல்லை. அன்று முழுக்க எனக்கு மனசே ஆறவில்லை.

கடை தொடங்குமுன், ஊரில் பழம் தின்று கொட்டை போட்ட இரண்டு பேரிடம் போய் யோசனை கேட்டிருந்தேன். ஒருவர் இந்தத் தலைவர். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் என் கடை இருக்கும் வார்டின் கவுன்சிலர் அக்கா.

"கடையில உக்காராத பாப்பா. உக்காந்திருக்கிற முதலாளியப் பாத்தா வர்றவனுக்கும் கொட்டாவி வரும்" என்றார் தலைவர்.

"எப்பவும் உக்காந்தே இரு. நின்னுக்கினு இருந்தா, இவ எங்கியோ கெளம்புறா போலன்னு ஜனங்க திரும்பிப் போயிடும்" என்றார் அக்கா.

இருவரையும் பகைத்துக்கொள்ள முடியாது. அதனால் காலையில் நின்றேன். மதியத்துக்கு மேல் உட்கார்ந்தேன். நின்றபோதும் யாரும் வரவில்லை, உட்கார்ந்தபோதும் வரவில்லை.

பொய் சொல்லக்கூடாது, கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் சிலர் வந்து கூலிங் கிளாஸ் கேட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் வாசல்வரை வருவார்கள். வந்து, ராஜகிரி மலைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். எங்கள் ஊரில் கண்பார்வைக்கு அந்த மலைதான் அளவுகோல். "தோ பாரு, மண்டபத்தாண்ட ஒருத்தன் செவப்புச் சட்ட போட்டுக்கினு ஏறிக்கினுகிறான். எனக்கு எதுக்கும்மா கண்ணாடி?" என்பார்கள். அடுத்த நொடி போன் அடிக்கும். யார் என்று பார்க்க, போனைப் பிடித்த கை நீளும், நீளும், இன்னும் ஒரு முழம் கை கிடைக்காதா என்பதுபோல் நீளும்.

நாற்பதைத் தாண்டினால் பலருக்கும் இதுதான். தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும், கையில் இருப்பது கலங்கும். வெள்ளெழுத்து என்பார்கள். இது வியாதி அல்ல, வயது. சிக்கலே அதுதான். வியாதியாக இருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தன் சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று டீக்கடையில் போட்டிபோட்டுப் பேசுகிற ஜனம், வயதை மட்டும் ஒப்புக்கொள்ளாது. நானோ மெனக்கெட்டு, 'நாற்பது தாண்டியவரா? வெள்ளெழுத்தா? உள்ளே வாருங்கள்!' என்று பெரிய போர்டு எழுதி வாசலில் மாட்டியிருந்தேன். போர்டு வந்த பிறகு வாசல்வரை வந்தவர்களும் எதிர்ப்பக்கமாகப் போக ஆரம்பித்தார்கள்.

தலைவர் விஷயம் இன்னும் சுவாரசியம். ஆணி வாங்கும் சாக்கில் அவர் கடையில் நின்று கவனித்தேன். போல்ட்டின் மரையைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்து அளவு சொல்வார். போன் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்து, "யாருன்னு பாரு" என்பார். சங்கக் கூட்டத்தில் தீர்மானத்தைத் தானே படிக்க மாட்டார். கூட்டத்திலிருந்து யாராவது ஓர் இளைஞரைக் கூப்பிட்டு, "நீ படிப்பா, கொரலு கணீர்னு இருக்குது" என்பார். இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கும் தலைவர் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயரே இருந்தது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத்தான் தெரியும். பொங்கல் கழித்து சங்கத் தேர்தல். 'தலைவருக்கு வயசாயிடுச்சி' என்பதைத் தவிர எதிரணியிடம் வேறு சரக்கு இல்லை. இந்த நேரத்தில் மூக்கில் கண்ணாடியோடு அவர் எப்படி வெளியே வருவார்?

கார்த்திகை முடிந்து மார்கழி வந்துவிட்டது. கடை வாடகைக்கே அம்மாவிடம் கை நீட்டும் நிலைமை. சென்னைக்கு எடுத்துப்போக வேண்டிய சுடிதார்களைக்கூட மனசுக்குள் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அப்போதுதான் ஒரு நாள் கவுன்சிலர் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைக்குள் வந்தார். மெயின் ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. கடைத்தெருவே செம்மண் புகையில் கிடந்தது. தண்ணீர் தெளிக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து நம்பர் தேடினார்.

"அக்கா, உங்களுக்கும் வெள்ளெ..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல இத சொல்லு. வெளிய அந்த போர்ட எழுதுனது யாரு?"

"நான்தான்க்கா."

"உன் கடைக்குள்ள கால் வெக்கணும்னா, எனக்கு வயசாயிடுச்சின்னு நடுரோட்ல ஒத்துக்கினுதான் வெக்கணுமா? எவ வருவா?"

அக்கா மதிய நேரத்து விதியை எனக்கு நினைவுபடுத்துவதுபோல் ஸ்டூலை இழுத்து என் பக்கம் தள்ளி, தானும் ஒன்றில் உட்கார்ந்துகொண்டார்.

"போன வெயில் காலத்துல தெருக்கொழாயாண்ட சண்ட. ஒருத்தி வரிசைய மீறி முன்னாடி கொடத்த வெச்சிட்டா. நான் போயி, நீ செஞ்சது தப்புன்னு சொல்லியிருந்தா, இன்னி வரைக்கும் அந்தக் கொடத்த அவ எடுத்திருக்க மாட்டா. நான் இன்னா சொன்னேன்? 'அங்க பாசி வழுக்குது, கொடம் உருண்டு நசுங்கிடப் போவுது, தள்ளி வையிடி'ன்னேன். அவளே எடுத்துக்கினு போயி கடைசில வெச்சா. மேல ஏறிக்கினு எறங்க முடியாம நிக்கிறவங்களுக்கு ஒரு படி போட்டுக் குடுக்கணும்மா. எறங்குடின்னு கத்தக் கூடாது."

இருமிக்கொண்டே எழுந்து போய்விட்டார். நான் போர்டைக் கழற்றினேன். கை முழுக்கச் செம்மண் ஒட்டியது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கையைக் கழுவாமலே இரும்புக் கடைக்கு ஓடினேன்.

"ஐயா, இந்தத் தூசிய பாத்தீங்களா? நாள் பூரா ரோட்டப் பாத்து நிக்கிறீங்க. வேல முடியிற வரைக்கும் ஒரு கண்ணாடி போட்டுக்கினா கண்ணு தப்பிக்கும்."

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் ஒன்றும் ஏமாளி அல்ல. எத்தனை வருட வியாபாரம்!

"தூசிக்கா?"

"தூசிக்குத்தான்யா. ஆனா அதையும் அளவு பாத்துத்தான் போடணும். இல்லன்னா தலைவலி வரும்."

"ம்" என்றார். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாடிக்கையாளரே வாயைத் திறந்து கேட்கும்வரை தொந்தரவு செய்யாதே என்று எனக்குப் பாடம் சொன்னவரே அவர்தான். மறுநாள் கடைத்தெரு சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து வந்தார். "அந்தத் தூசி சமாச்சாரம் சொன்னியே" என்று அவராகவே ஆரம்பித்தார். பின்னறையில் உட்கார வைத்து லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டேன். கையில் கொடுத்த அட்டையைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

"கோடு தெரியாத கண்ணாடியா போட்டுடும்மா" என்றார் கடைசியில். மேலே வெறும் கண்ணாடி, கீழே பவர், நடுவில் கோடு தெரியாது. கோடு தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

கண்ணாடி வந்த அன்று அவர் கடையிலிருந்து ஒரே கூச்சல். "இந்த போல்ட்ல துரு புடிச்சிருக்குது, யார்ரா வாங்கிப் போட்டது? இது இன்னா, அலமாரியா, செலந்திப் பண்ணையா?" பல வருடமாக நிம்மதியாக இருந்த ஊழியர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

அந்த வாரம் சங்கக் கூட்டம். எதிரணிக்காரர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னா தலைவரே, புதுசா கண்ணாடி?" என்றார்.

"தூசிப்பா" என்றார் தலைவர், கண் இமைக்காமல். "கல்லாவுக்குள்ள பூந்துக்கிறவனுக்கு வேணாம். நான் ரோட்ல நிக்கிறவன். கண்ணு முக்கியம். நீங்களும் போடுங்க." சொல்லிவிட்டு, அன்றைய தீர்மானங்களை முதல் முறையாகத் தானே எடுத்துக் கணீரென்று படித்தார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "தலைவர் போட்டிருக்கிறாரே, அந்தத் தூசிக் கண்ணாடி..." அடுத்து கவுன்சிலர் அக்கா, "ரோட்டு வேலைய மேற்பார்வை பாக்க வேண்டியிருக்குது" என்று வந்தார். நான் சிரிப்பை அடக்கினேன், அவர் அடக்கவில்லை. பிறகு பத்திர ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர், பூக்கடை அம்மா, மேல்சித்தாமூரிலிருந்து அரிசி வியாபாரி ஒருவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ரோட்டு வேலையின் வாடையே படாத ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு நெல் அடிக்கும் தூசி, மாட்டுத் தீவனத் தூசி, பஸ் ஜன்னல் தூசி. நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. பின்னறையில் ஒவ்வொருவரிடமும் வெள்ளெழுத்து என்று சொல்லி, பவரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வாசலுக்குப் போய், "ஒரே தூசிப்பா" என்பார்கள். அது அவர்கள் பாடு.

கடை சொந்தக் காலில் நின்றுவிட்டது. எனக்குத் தெரியும். ஆனால் நைனாவிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வந்ததே இல்லை. வீட்டிலும் இதைப் பற்றிப் பேச்சில்லை. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம், கணக்கு பொங்கலன்று தீரும் என்பதுபோல் இருந்தார். நானும் அவர் மகள்தானே, நானாகப் போய்ப் பேசவில்லை.

போகி அன்று மதியம் அவலூர்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கையில் கரும்புக்கட்டு. அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். உள்ளே இருந்த கூட்டம் போகிறவரை ஓரமாக நின்றார். கடைசி ஆளும் போனபின், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"கொல்லையில ஒரே தூசிம்மா."

எங்கள் கொல்லை நிலத்தில் அப்போது நெற்பயிர் பச்சைப்பசேலென்று, கால் வைத்தால் புதைகிற ஈரத்தில் நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"ஆமா நைனா, தூசி ஜாஸ்தி. வந்து உக்காருங்க" என்றேன்.

சோதிக்கும் பிரேமை அவர் மூக்கில் மாட்டி, லென்ஸைப் போட்டேன். படிக்கும் அட்டையை நீட்டினேன். அதை அவர் வாங்கவில்லை. சட்டைப்பையில் கையை விட்டு எதையோ எடுத்தார். முனை மழுங்கி, வேர்வைக் கறை படிந்து, நடுவில் மடிந்துபோன என் விசிட்டிங் கார்டு. திறப்பு விழா அன்று நான் கொடுத்த முதல் கார்டு. அத்தனை மாதமும் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மடிப்பை நீவிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் வாய்விட்டுப் படித்தார். என் பெயரைப் படித்தார். அதற்குக் கீழே, 'கண் பரிசோதகர்'. அதற்கும் கீழே, 'உரிமையாளர்'. அந்தச் சொல்லை மட்டும் திரும்ப ஒரு தடவை படித்தார்.

ஊரெல்லாம் கண் பார்க்கிற எனக்கு, திறப்பு விழா அன்று நைனா கார்டைப் படிக்கவில்லையே என்று கோபப்படத்தான் தெரிந்தது.

நைனா பிரேமைக் கழற்றாமலே நிமிர்ந்தார்.

"அந்த மெட்ராஸ்காரங்களுக்கு இப்பவே ஒரு போன் போடு. கடைய வுட்டுட்டு ஓனரம்மா வர மாட்டாங்களாம்னு நான் சொன்னதா சொல்லு."